மீதி ஜூல்கள் எங்கே?

பதினோராம் வகுப்பு இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

உங்களிடம் இயற்பியல் படித்த பிள்ளைகள் பலர் பள்ளி முடித்ததும் நான் பாடம் எடுக்கும் கல்லூரி முதலாண்டு வகுப்பில் வந்து அமர்கிறார்கள். கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர்கள். அதன் பின்னால் இருக்கும் உழைப்பு உங்களுடையது என்பது எனக்குத் தெரியும். இந்தக் கல்வியாண்டில் 'வேலை, ஆற்றல் மற்றும் திறன்' அலகை நீங்கள் கையில் எடுப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள் வைக்கவே இதை எழுதுகிறேன்.

உயரமும் வேகமும் ஒரே கணக்கில் தென்பட்டால் போதும், என் மாணவர்கள் 'எம்ஜிஹெச் சமம் அரை எம் வி ஸ்கொயர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். "இங்கே இதை எழுதலாம் என்று எப்படித் தெரிந்தது?" என்று கேட்டால், "ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது சார்" என்கிறார்கள். அந்த வாக்கியம் சரிதான். ஆனால் அது மொத்த ஆற்றலைப் பற்றியது. அவர்கள் எழுதிய சமன்பாடோ இயந்திர ஆற்றலைப் பற்றியது; இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் சேர்ந்த கூட்டுத்தொகை அது. அந்தக் கூட்டுத்தொகை சில இடங்களில் மட்டும்தான் மாறாமல் இருக்கும். பல இடங்களில் குறையும், சில இடங்களில் கூடவும் செய்யும். எப்போதும் நிற்கும் விதியும், நிபந்தனையோடு நிற்கும் விதியும் பிள்ளைகள் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்து வைக்க உங்களால் மட்டுமே முடியும். எங்களிடம் வரும்போது அந்தப் பழக்கம் கெட்டிப்பட்டுவிடுகிறது.

நான் கேட்பது இதுதான்: ஆற்றல் கணக்கை நான்காம் அலகோடு மூடிவிடாதீர்கள். சமன்பாட்டை எழுதும் முன் அது எதனால் பொருந்தும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பொருந்தாத இடத்தில், குறைந்த ஜூல்கள் எங்கே போயின என்ற கேள்வியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்து, ஐந்தாம் அலகிலும் எட்டாம் அலகிலும் அந்தப் பக்கத்தை மறுபடியும் திறக்கச் சொல்லுங்கள்.

விதி அழகாகப் பொருந்தும் இடத்திலிருந்தே தொடங்கலாம். 1638-இல் வெளிவந்த 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் கலிலியோ ஒரு சோதனையை விவரிக்கிறார். சுவரில் ஓர் ஆணி, அதிலிருந்து நூல், நூல் நுனியில் ஈயக்குண்டு. ஒரு பக்கம் இழுத்து விட்டால் குண்டு மறுபக்கம் ஏறத்தாழ அதே மட்டத்துக்கு ஏறுகிறது. இப்போது முதல் ஆணிக்கு நேர் கீழே இன்னோர் ஆணி அடித்து நூலை நடுவழியில் மறிக்கிறார். குண்டு போகும் வளைவு சிறுத்துவிடுகிறது. ஆனாலும் அது போய் நிற்பது அதே கிடைக்கோட்டில்தான். இயக்க ஆற்றல் என்ற கருத்து உருவாவதற்கு வெகு காலம் முன்பே, ஒரு நூலையும் இரண்டு ஆணிகளையும் கொண்டு அந்த மனிதர் விதியின் நெஞ்சைத் தொட்டுவிட்டார். கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து, பக்கத்திலேயே இதைச் செய்து காட்ட ஐந்து நிமிடம் போதும்.

செய்து காட்டியபின் கேட்க வேண்டிய கேள்வி, ஏன் என்பது. நூலின் இழுவிசை ஒவ்வொரு கணமும் குண்டின் இயக்கத்துக்குச் செங்குத்தாக இருக்கிறது. அது வேலை செய்வதில்லை. ஆணி நகர்வதில்லை, அதுவும் வேலை செய்வதில்லை. வேலை செய்வது புவியீர்ப்பு ஒன்றுதான், அது ஆற்றல் மாற்றா விசை. இந்த மூன்று காரணங்களும்தான் 'எம்ஜிஹெச்' என்று எழுதுவதற்கான உரிமைச் சீட்டு. பிறகு நூலைக் கிடைமட்டம் வரை தூக்கி விட்டு, ஆணியைக் கீழே இறக்கிக்கொண்டே போகச் சொல்லுங்கள். நூல் நீளத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கோ அதற்கும் கீழேயோ ஆணி வரும்போது குண்டு அந்த ஆணியைச் சுற்றி முழு வட்டம் போடும். இந்த ஐந்தில் மூன்று ஆற்றல் சமன்பாட்டிலிருந்து மட்டும் வராது. அதை மட்டும் நம்பினால் பாதி நீளமே போதும் என்று விடை வரும். வட்டத்தின் உச்சியில் நூல் தொய்யாமல் இருக்க வேண்டும் என்ற நியூட்டனின் நிபந்தனையும் சேர்ந்தால்தான் சரியான விடை கிடைக்கும். ஆணியைச் சுற்றும் பகுதி நூலாக இல்லாமல் ஆணியிலேயே சுழலும் எடையற்ற விறைப்பான கம்பியாக இருந்தால் அந்த நிபந்தனை விலகி, பாதி நீளமே போதும் என்றாகிவிடும். செங்குத்து வட்ட இயக்கத்தின் சூத்திரங்களை மனப்பாடம் செய்கிற பிள்ளைகளுக்கு அவை எந்த இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகின்றன என்பதை இந்த ஆணி காட்டிக்கொடுத்துவிடும்.

பொருந்தாத இடத்துக்கு வருவோம். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க பெஞ்சமின் ராபின்ஸ் ஓர் ஊசலைப் பயன்படுத்தினார். 1742-இல் பீரங்கிக் கலை பற்றிய தமது நூலில் அதை வெளியிட்டார். தொங்கும் மரக்கட்டையில் குண்டு பாய்ந்து பதிகிறது, கட்டை குண்டோடு சேர்ந்து சற்று உயர்கிறது, அந்த உயரத்திலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம். நாம் எல்லோரும் வகுப்பில் போடும் கணக்கு. 10 கிராம் குண்டு, நொடிக்கு 300 மீட்டர் வேகம், 2.99 கிலோகிராம் கட்டை என்று வைத்துக்கொள்வோம். குண்டின் இயக்க ஆற்றல் 450 ஜூல். உயரத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால், பாதிக்கு மேற்பட்ட மாணவர்கள் 450 ஜூலையும் அப்படியே நிலை ஆற்றலுக்குச் சமப்படுத்துகிறார்கள். விடை 15.3 மீட்டர். மூன்று கிலோ மரக்கட்டை ஐந்து மாடி உயரத்துக்குப் பறக்கும் என்று எழுதிவிட்டு எந்தச் சந்தேகமும் இல்லாமல் அடிக்கோடு போடுகிறார்கள்.

உண்மையில் நடப்பது இரண்டு தனித்தனி நிகழ்வுகள். மோதல் நடக்கும் அந்தச் சிறு பொழுதில் உந்தம் மாறாது, இயந்திர ஆற்றல் மாறும். கட்டையும் குண்டும் சேர்ந்து நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கிளம்புகின்றன. அப்போது இருப்பது 1.5 ஜூல் மட்டும். அதன் பிறகு மேலேறும்போது இழுவிசை வேலை செய்வதில்லை, இயந்திர ஆற்றல் மாறாது. உயரம் 5 சென்டிமீட்டர் சொச்சம். ஒரே கணக்கின் முதல் பாதியில் பொய்த்த விதி இரண்டாம் பாதியில் மெய்யாகிறது. எந்தப் பாதியில் எது என்று சொல்லத் தெரிவதுதான் இங்கே இயற்பியல். மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல். மிச்சம் 448.5 ஜூல். மர நார்கள் கிழிந்தன, ஈயம் நசுங்கியது, இரண்டும் சூடேறின. நோட்டின் கடைசிப் பக்கத்தில் முதல் வரியாக இந்த எண் ஏறட்டும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வரி வேண்டும். பிள்ளைகள் இயந்திர ஆற்றல் குறையும் என்று மட்டுமே பழகிவிடுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து எகிறிக் குதிக்கும் மாணவி தரையை உதைக்கிறாள். தரையின் செங்குத்து விசை அவளை மேலே தள்ளுகிறது. ஆனால் கால் பதிந்திருக்கும்வரை அந்த விசை செயல்படும் புள்ளி நகர்வதில்லை, ஆகவே தரை அவளுக்கு ஒரு ஜூல்கூடக் கொடுப்பதில்லை. மொத்தமும் அவள் தசையிலிருந்த வேதி ஆற்றல். வெடித்துச் சிதறும் குண்டிலும் அப்படித்தான்: உந்தத்தின் கூட்டுத்தொகை மாறவில்லை, இயக்க ஆற்றல் ஏராளமாகக் கூடிவிட்டது. உந்தம் மாறவில்லை என்பதாலேயே ஆற்றலும் மாறவில்லை என்று எழுதும் விடைத்தாள்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

நிலை ஆற்றல் யாருக்குச் சொந்தம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 'கல்லின் நிலை ஆற்றல்' என்று சொல்லிச் சொல்லி, அது கல்லுக்குள் எங்கோ சேர்த்து வைக்கப்பட்டிருப்பதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது கல்லும் புவியும் சேர்ந்த அமைப்புக்கு உரியது. இதைத் தெளிவாக்காததால் வரும் விபரீதம் சின்னதல்ல. 2 கிலோகிராம் கல் 5 மீட்டர் விழுகிறது. ஒரு மாணவன் நிலை ஆற்றல் இழப்பு 98 ஜூல் என்று எழுதுகிறான், அடுத்த வரியில் புவியீர்ப்பு செய்த வேலை இன்னொரு 98 ஜூல் என்று எழுதுகிறான், இரண்டையும் கூட்டி 196 ஜூல் இயக்க ஆற்றல் என்று முடிக்கிறான். கல்லை மட்டும் அமைப்பாகக் கொண்டால் புவியீர்ப்பு வெளி விசை. அது வேலை செய்யும், அங்கே நிலை ஆற்றல் என்ற பேச்சே கிடையாது. கல்லையும் புவியையும் சேர்த்து அமைப்பாகக் கொண்டால் நிலை ஆற்றல் உண்டு, புவியீர்ப்பின் வேலையைத் தனியாகச் சேர்க்கக் கூடாது. எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம், தேர்ந்த பிறகு மாற்றக் கூடாது. புவி மிகப் பெரியது என்பதால் அதன் பங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் ஒரு சுருள்வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1 கிலோகிராம், 3 கிலோகிராம் நிறையுள்ள இரண்டு வண்டிகளுக்கு நடுவே வில்லை அமுக்கிவிட்டால், உந்தத்தின் அளவு இரண்டுக்கும் சமம். ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு சிறிய வண்டிக்குப் போகும். வில்லில் இருந்த நிலை ஆற்றல் எந்த ஒரு வண்டிக்கும் சொந்தமல்ல என்பது அப்போது சொல்லாமலே விளங்கும்.

இனி வருவதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமானது. உராய்வு.

'உராய்வு இருந்தால் இயந்திர ஆற்றல் மாறும், இல்லையென்றால் மாறாது' என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இந்தக் குறுக்குவழி ஆய்வகத்திலேயே உடைந்துவிடுகிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சாய்தளத்தில் கோலியை உருட்டிவிட்டு, அடியில் அதன் வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். சூத்திரப்படி நொடிக்கு 4.43 மீட்டர் வர வேண்டும். கைபேசியில் காணொளி எடுத்து அளந்தாலும் 3.7-ஐ ஒட்டியேதான் வரும். மாணவர்கள் உடனே "உராய்வால் இழப்பு" என்று எழுதுவார்கள். பலகையை வழவழப்பாக்கிப் பார்க்கட்டும், கண்ணாடி மேல் உருட்டிப் பார்க்கட்டும், பெரிய கோலி, சின்னக் கோலி என்று மாற்றிப் பார்க்கட்டும். அந்த எண் அசையாது. இழப்பு என்றால் பரப்புக்குப் பரப்பு மாற வேண்டுமே? மாறாமல் ஒரே விகிதத்தில் குறைகிறது என்றால் அது இழப்பாக இருக்க முடியாது என்று ஒரு மாணவராவது சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகத்துக்காகத்தான் இந்தச் சோதனை.

கோலி உருள்கிறது. கீழே இறங்கும் ஆற்றலில் ஏழில் ஐந்து பங்கு அது முன்னேறுவதற்கும், ஏழில் இரண்டு பங்கு அது சுழல்வதற்கும் போகிறது. கணக்கிட்டால் நொடிக்கு 3.74 மீட்டர். ஒரு ஜூல்கூட வீணாகவில்லை. கோலியைச் சுழல வைத்ததே உராய்வுதான். அது இல்லாவிட்டால் கோலி சுழலாமல் வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். ஆனால் நழுவாமல் உருளும்போது பலகையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் ஓய்வில் இருக்கிறது. ஆகவே ஓய்வுநிலை உராய்வு அங்கே ஆற்றலை எடுப்பதில்லை; முன்னேற்றத்திலிருந்து எடுத்துச் சுழற்சிக்கு மாற்றிக் கொடுக்கிறது. உராய்வு இருக்கிறது, இயந்திர ஆற்றலும் மாறவில்லை!

அதே பலகையை இன்னும் நிமிர்த்துங்கள். உராய்வுக் குணகம் 0.3 என்றால் சாய்வு ஏறத்தாழ 46 டிகிரியைத் தாண்டியதும் கோலி நழுவத் தொடங்கும். இப்போது தொடுபுள்ளி பலகை மேல் வழுக்குகிறது, இயக்க உராய்வு வேலை செய்கிறது, இயந்திர ஆற்றல் குறைகிறது, பலகையும் கோலியும் இம்மியளவு சூடேறுகின்றன. அதே கோலி, அதே பலகை. விசையின் பெயரை வைத்து முடிவெடுக்க முடியாது. அந்த விசை செயல்படும் புள்ளி நகர்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இதோடு ஒரு பந்தயமும் வைக்கலாம். ஒரு கோலி, ஒரு பேட்டரி செல், ஒரு வளையல். மூன்றையும் ஒரே உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விட்டால் எது முதலில் வரும் என்று கேளுங்கள். கனமானது என்பார்கள் சிலர், பெரியது என்பார்கள் சிலர். கோலிதான் முதலில் வரும், பிறகு செல், கடைசியில் வளையல். வளையலில் நிறை முழுவதும் விளிம்பில் இருப்பதால் ஆற்றலில் சரிபாதி சுழற்சிக்கே போய்விடுகிறது. நிறையும் ஆரமும் சமன்பாட்டில் அடிபட்டுப் போகின்றன. நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்பது மட்டும் மிஞ்சுகிறது. நிலைமத் திருப்புத்திறன் என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே அதன் தேவையைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

சுழற்சி இயக்கம் ஐந்தாம் அலகில்தானே வருகிறது, நான்காம் அலகில் எப்படி விளக்குவது என்று நீங்கள் கேட்பீர்கள். விளக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். 4.43 வர வேண்டிய இடத்தில் 3.7 வந்தது என்று அளந்த எண்ணை மட்டும் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டு விட்டுவிடுங்கள். சில வாரம் அது உறுத்திக்கொண்டு இருக்கட்டும். ஐந்தாம் அலகில் சுழல் இயக்க ஆற்றல் வரும் நாளில் அந்தப் பக்கத்தைத் திறந்து, விடை தெரியாமல் நின்ற கணக்கை அவர்களே முடிக்கட்டும். கலிலியோவும் சாய்தளத்தில் வெண்கலக் குண்டை உருட்டித்தான் தொலைவு காலத்தின் வர்க்கத்துக்கு நேர்த்தகவில் இருப்பதைக் கண்டார். சுழற்சி முடுக்கத்தை ஒரே விகிதத்தில் குறைத்ததே தவிர, அந்த வர்க்க உறவைக் கலைக்கவில்லை. அவர் கைக்கு வந்த குண்டிலும் இந்தச் சுழற்சி ஆற்றல் இருந்தது. அதை எழுதிக் காட்டும் கணிதம் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆயின.

காணாமல் போன ஆற்றலைத் தேடியது பிள்ளைகள் மட்டுமல்ல, இந்தத் துறையே அப்படித்தான் வளர்ந்தது. அந்த வரலாற்றை ஒரு வகுப்பில் சொல்லலாம், ஏனென்றால் பிள்ளைகளுக்கு வரும் குழப்பம் ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. 1686-இல் லைப்னிட்ஸ், இயக்கத்தின் அளவு நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்ற டெகார்ட்டின் கருத்தை மறுத்து, வேகத்தின் வர்க்கம்தான் கணக்கில் வர வேண்டும் என்றார். லெய்டன் பல்கலைக்கழகத்தில் கிராவெசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழச் செய்து பள்ளங்களை அளந்தார். வேகம் இரட்டித்தால் பள்ளம் நான்கு மடங்கானது. எமிலி து ஷாத்லே 1740-இல் வெளியிட்ட தமது இயற்பியல் நூலில் இந்தச் சோதனையின் பொருளை விரித்து எழுதினார். நியூட்டனின் 'பிரின்சிபியா'வை பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுவந்தவரும் அவரே. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் பைக் 80-இல் போனால் பிரேக் பிடித்து நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது, நாம் சொல்வது அந்தக் களிமண் பள்ளத்தைத்தான்.

களிமண்ணில் விழுந்த குண்டு அங்கேயே நின்றுவிட்டது. இயக்கம் எங்கே போயிற்று? 1715-16-இல், நியூட்டனின் பக்கம் நின்று வாதிட்ட கிளார்க்குடன் நடந்த கடிதப் போக்குவரத்தில் லைப்னிட்ஸ் இதற்குப் பதில் சொன்னார்: அது பொருளின் நுண் துகள்களுக்குள் சிதறிப்போகிறது, பெரிய நாணயத்தைச் சில்லறையாக மாற்றுவதுபோல. சரியான ஊகம். ஆனால் அந்தச் சில்லறையை எண்ணிக் காட்ட இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஏன் இத்தனை காலம்? எண்களைப் பார்த்தால் புரியும். ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4186 ஜூல் வேண்டும். அதே ஆற்றலைக் கொண்டு அந்தத் தண்ணீரை 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். நம் கையால் செய்யும் இயந்திர வேலைகள் வெப்பமானியின் கண்ணுக்கு அற்பம். ஒரு மீட்டரிலிருந்து விழுந்து 60 சென்டிமீட்டர் எழும் ரப்பர் பந்து ஆற்றலில் நாற்பது விழுக்காட்டை இழக்கிறது. அத்தனையும் பந்துக்குள்ளேயே வெப்பமாகத் தங்கினாலும் அதன் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் உயரும். காணாமல் போனதாகத் தோன்றியதில் வியப்பே இல்லை.

மான்செஸ்டரில் ஜூல் செய்தது இந்த அற்ப மாற்றத்தை அளந்ததுதான். 1850-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்ற எடைகளை விழச் செய்கிறார். ஒரே சோதனையில் இருபது முறை தூக்கித் தூக்கி விடுகிறார். அத்தனைக்கும் சேர்த்துத் தண்ணீர் அரை டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சற்று மேல்தான் சூடேறுகிறது. என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைப்பது அவர் செய்த கழித்தல்கள். எடை தரையைத் தொடும்போது அதில் மிச்சமிருக்கும் வேகம் தண்ணீருக்குள் போகவில்லை, அதைக் கழிக்கிறார். கப்பியின் உராய்வில் போனதைக் கழிக்கிறார். அறையின் வெப்பம் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் திருத்துகிறார். எதை அமைப்பு என்று எடுத்தோம், எல்லையைத் தாண்டி என்ன போயிற்று என்று ஒவ்வொரு வரியாக எழுதிய பிறகே, ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை என்ற எண்ணுக்கு வருகிறார். எட்டாம் அலகில் வெப்ப இயக்கவியலின் முதல் விதியை நீங்கள் எழுதும் நாளில், மரக்கட்டையின் 448.5 ஜூலையும் ரப்பர் பந்தின் நாற்பது விழுக்காட்டையும் பிள்ளைகள் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு வரட்டும். முதல் விதி அப்போது புதிய பாடமாக இராது; ஆண்டு முழுக்க அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியின் விடையாக வரும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆனைமலையில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. கடம்பாறை நீரேற்று மின் நிலையம், நான்கு இயந்திரங்கள், மொத்தம் 400 மெகாவாட். மின் தேவை குறைந்த நேரத்தில் கீழ் அணையிலிருந்து மேல் அணைக்குத் தண்ணீரை ஏற்றுகிறார்கள். தேவை கூடும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் 367 மீட்டர் இறங்கினால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல். இதைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கலாம். இத்தகைய நிலையங்களில் ஏற்றச் செலவிட்டதில் பொதுவாக முக்கால் பங்கு அளவுக்குத்தான் திரும்பக் கிடைக்கும். மீதிக் கால் பங்கு எங்கே என்ற கேள்விக்குக் குழாய், விசையாழி, மின்சுருள் என்று வகுப்பே சேர்ந்து பட்டியல் போடலாம். ஆற்றல் அழியாது என்றால் ஏன் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், தயவுசெய்து அந்தக் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். சூடாகப் போனதை முழுவதும் திரும்ப வேலையாக்க முடியாது என்ற இரண்டாம் விதியின் வாசல் அது.

உங்கள் சிரமங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. பாடத்தை முடிக்க வேண்டும், திருப்புதல் தேர்வு, நீட் பயிற்சி, ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புக்கும் செய்முறைக்கும் ஓட வேண்டிய நிலை. பதினோராம் வகுப்பை அவசரமாகக் கடந்து பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குப் போய்விடச் சொல்லும் அழுத்தமும் பல பள்ளிகளில் இருக்கிறது. நான் கூடுதல் பாடம் எதையும் கேட்கவில்லை. சமன்பாட்டுக்கு முன் ஒரு வரி, நோட்டின் கடைசியில் ஒரு பக்கம். நுழைவுத் தேர்வுக்கும் இது குறுக்கே நிற்காது. உருளும் கோளம், பதியும் குண்டு, செங்குத்து வட்டம் எல்லாம் அங்கேயும் கேட்கப்படுகிறவைதான். நான்கு விடைகளில் கவர்ச்சியான தவறான விடை எப்போதும் நிபந்தனையை மறந்தவருக்காக வைக்கப்பட்டிருக்கும்.

மதிப்பெண் இல்லாத எதையும் பிள்ளைகள் செய்ய மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே பருவத் தேர்வுகளில் அந்த ஒரு வரிக்கு ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள். 'எந்த விசைகள் இங்கே வேலை செய்கின்றன?' என்று கேட்டு, எண்களே இல்லாத ஒரு கேள்வியை வினாத்தாளில் சேருங்கள். எழுதிய விடை தவறாக இருந்தாலும் அந்த வரி சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் கொடுங்கள். விடை சரியாக இருந்து அந்த வரி இல்லாவிட்டால் முழு மதிப்பெண் கொடுக்காதீர்கள். முதல் மாதம் முணுமுணுப்பார்கள். பெற்றோர்கூட வந்து கேட்கலாம். 15 மீட்டர் பறந்த மரக்கட்டையின் கணக்கை அவர்களிடம் காட்டுங்கள்.

கோலி, செல், வளையல் பந்தயத்தை நடத்தினால், விடுவதற்கு முன் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் எதற்குக் கை தூக்கினார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று குறித்து வையுங்கள். அந்தக் காரணங்களைப் படிக்க எனக்கு மிகுந்த ஆவல். அவற்றை எனக்கு அனுப்பினால், வரும் ஆண்டில் என் முதல் வகுப்பை அவற்றிலிருந்தே தொடங்குவேன்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களுக்கு அடுத்த படியில் பாடம் எடுக்கும்
ஒரு கல்லூரி இயற்பியல் ஆசிரியர்